பி சைடில் மிஞ்சிய நான்கு நிமிடம்

1. புகார்

"இன்னாய்யா சேகரு, சாமி பாட்டு கேட்டா டான்ஸ் மியூசிக் போட்டுக் குடுத்துக்கிற?"

அடி அண்ணாமலை கிராமத்து மைக் செட்காரர் ஏழுமலை கேசட்டை மேசைமேல் வைத்தார். 1992, ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலை, மணி ஒன்பது இருபது. என் டைரியில் நேரம்கூட இருக்கிறது. அப்போது செங்கம் சாலையில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் நான் ரெக்கார்டிஸ்ட். வாடிக்கையாளர்கள் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுப்பார்கள். கேசட்டில் பதிந்து கொடுப்போம்.

முந்தின நாள் மாலை, கிரிவலப் பாதை அன்னதானப் பந்தலில் ஏழுமலையின் குழாய் ஸ்பீக்கர். பக்திப் பாடல்கள் முடிந்ததும் அதே கேசட்டில் ஆர்கன் வாசிப்பு ஆரம்பித்திருக்கிறது. அவர் சாம்பார் வாளியோடு பந்திக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். ஆம்ப்ளிஃபயரிடம் வந்து சேர்வதற்குள் நான்கு நிமிடமும் ஓடிவிட்டது.

"பந்தல்காரரு அடுத்த மாசம் வேற செட்டு பாத்துக்கிறேன்னுட்டாரு. என் பொழப்புல மண்ணு."

எங்கள் ஓனர் தேவராஜ் என் பக்கம் திரும்பினார். "யாரு பதிஞ்சது?"

"நான்தான் சார்."

2. மிச்ச டேப்

அறுபது நிமிடக் கேசட்டில் பட்டியல் முடிந்த பிறகும் பி சைடில் கொஞ்சம் டேப் மிஞ்சும். காலியாகக் கொடுத்தால் ஏமாற்றிவிட்டதாகச் சண்டைக்கு வருவார்கள். அதனால் எதையாவது போட்டு நிரப்புவோம். பக்திக் கேசட்டுக்குக் கோயில் மணி ஓசை. சினிமாக் கேசட்டுக்கு ரெக்கார்டிஸ்ட் இஷ்டம். எட்டு மாதமாக என் இஷ்டம் ஆர்கன்.

ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்திருந்த ஒரு வெள்ளைக்காரர், டேப் சிக்கிக்கொண்ட ஒரு கேசட்டைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார். சரிசெய்து கொடுத்தேன். எனக்கும் ஒரு காப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆர்கன், கிடார், டிரம்ஸ், மூன்றே பேர். ஆர்கன் என்றதும் சர்ச் இசையாக இருக்கும் என்று நினைத்துத்தான் பிளே பட்டனை அழுத்தினேன். இல்லை. அது இடுப்பை அசைக்கச் சொல்லும் இசை. பேஸ் வாசிப்பது யார் என்று கேட்டேன். தனி ஆள் கிடையாது, ஆர்கன்காரரின் இடது கையும் காலும்தான் என்று கடைத் தரையில் காலால் மிதித்துக் காட்டினார்.

பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் லெவல் மீட்டரின் முள் எழும்பி விழும். ஆர்கனில் விரலை எடுக்கும்வரை முள் அப்படியே நிற்கும். அந்த ஆர்கன்காரர் ஒரே சுரத்தை முப்பத்திரண்டு எண்ணும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். அடியில் டிரம்ஸ் முட்டுகிறது, கிடார் கிள்ளுகிறது; அவர் விடவில்லை. விட்டபோது என் தோள் இறங்கியது. அன்று அதை ஆறு தடவை கேட்டேன்.

ஆனால் லேபிளில் எல்லாப் பாட்டையும் வரிசையாக எழுதுகிற நான், இதை மட்டும் ஒரு கேசட்டிலும் எழுதியதில்லை. சிரிப்பார்கள் என்ற பயம். ஏழுமலையின் கேசட்டைப் பதிந்த அன்று இரண்டு டெக்கிலும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. நிரப்புவதை மாற்றிப் போட்டுவிட்டேன். வேங்கிக்கால் ஆபீஸ் கிளார்க் ஒருவரின் காதல் பாட்டுக் கேசட் கோயில் மணியோடு முடிந்திருக்கும். அவர் புகார் சொல்லவில்லை.

3. காது

"ஏழுமலைண்ணே, தப்பு என்னுது, மன்னிச்சுக்கங்க" என்றேன். அந்த நான்கு நிமிடத்தை அவர் எதிரிலேயே அழித்து மணி ஓசை போட்டு, கடைசிவரை கேட்க வைத்தேன். பந்தல்காரரிடம் நானே வந்து சொல்வதாகவும் சொன்னேன். அன்று மதியமே போய்ச் சொன்னேன். அடுத்த மாதமும் பந்தலில் ஏழுமலை செட்டுதான்.

ஆனால் காலையில் கடையில் ஓனருக்கு என் மன்னிப்பு போதவில்லை.

"அந்த ஆர்கன் கேசட்ட எடு. அதையும் அழி. அவரு முன்னாடியே."

"அழிக்க மாட்டேன் சார்."

"அப்ப நாளைக்கு வராத."

"வருவேன் சார். ஒம்பது மணிக்கு."

கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்ன பிளாஸ்டிக் காது இருக்கும். அதை உடைத்துவிட்டால் ரெக்கார்ட் பட்டன் இறங்காது, அழிக்க முடியாது. ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஆர்கன் கேசட்டின் இரண்டு காதையும் உடைத்தேன். அந்த ஓட்டையில் செலோ டேப் ஒட்டினால் பட்டன் மறுபடி இறங்கும் என்பது தேவராஜுக்கும் தெரியும். மேசைமேல் செலோ டேப் இருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

ஏழுமலைதான் பேசினார். "உடு ஓனரு. அந்த மியூசிக்கு எனுக்கு ஒரு எழவும் புரியல. ஆனா இவன் பதிவு சுத்தமா கீது. வேற ஆள எங்க தேடுவ?"

மறுநாள் ஒன்பது மணிக்குப் போனேன். முதல் வேலையாகக் கடையின் கேட்லாகில் எழுதினேன்: எண் 418. ஆர்கன், கிடார், டிரம்ஸ். பாட்டு கிடையாது. கேசட்டை முன் வரிசையில் வைத்தேன். பதினொரு மணிக்கு ஓனர் கண்ணில் பட்டது.

"இத எவன்டா கேப்பான்?"

"நான் கேப்பேன் சார்" என்று சொல்லி, போட்டேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

2001இல் நான் வேறு வேலைக்குப் போகும்வரை எண் 418ஐக் கேட்டு வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். கேசட்டை முன் வரிசையிலிருந்து நான் எடுக்கவில்லை.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உங்களுக்குப் பிடித்ததை அடுத்தவர் கேசட்டின் மிச்சத்தில் ஒளித்து வைக்காதீர்கள். எண் போடுங்கள், பெயர் எழுதுங்கள், முன்னால் வையுங்கள். ஒளித்து வைத்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். பிடித்ததற்குக் கேட்கவில்லை.