ஒரு காசின் கனத்தில் ஒரு குழி

எழுபதுகளின் கடைசியில், கல்யாணமான மறுவருஷம், ஐந்து மாதக் கருவை இழந்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து பூனாவில், கட்கியில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். கூட இருக்க வந்த அம்மா பாளையங்கோட்டைக்கு ரயிலேறிய பிறகு வீடு ஓசையற்றுப் போனது. என் கணவர் பக்கத்தில் போசரியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வந்ததும் டீ குடிப்பார், என் முகத்தைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவார். சர்ச்சில் பெண்கள் சொன்ன ஆறுதல்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை. அது எனக்குள் கோபமாகத் தங்கியது.

ஒருநாள் சாயங்காலம் அவர் இரண்டு தடித்த வட்டக் கண்ணாடிகளைக் கொண்டுவந்தார். கண்ணாடிக் கடையில் வெட்டி வாங்கியவை. ஒன்றை ஒரு பழைய எண்ணெய் டிரம்மின் மேல் அசையாமல் பொருத்தினார்.

"தண்ணிய மட்டும் கொஞ்சம் ஊத்துதியா?"

"எதுக்கு?"

"டெலஸ்கோப் செய்யப் போறேன்."

விளக்கம் கேட்கத் தெம்பில்லை. ஊற்றினேன். அவர் சாணைக்கல் செய்யும் கரகரப்பான கார்பரண்டம் தூளைத் தூவி, மற்றக் கண்ணாடியை மேலே வைத்துத் தள்ளி இழுத்தார். டிரம்மைச் சுற்றி மெல்ல நடந்துகொண்டே தேய்த்தார். கீழ்க் கண்ணாடியின் விளிம்பு மேல் கண்ணாடியின் நடுப்பகுதியைத்தான் அதிகம் அரிக்கும். அதனால் மேலே இருப்பது குழியும், கீழே இருப்பது மேடாகும். வெளிச்சத்தை ஒரு புள்ளியில் குவிக்க, மொத்தக் குழியும் ஒரு காசின் கனம் இருந்தால் போதுமாம். அவ்வளவுக்கே தோள் வலிக்க வலிக்கப் பல வாரங்கள் ஆயின. சில நாளில் அவர் வேலையிலிருந்து திரும்புமுன் நானே தேய்க்க ஆரம்பித்திருந்தேன்.

பக்கத்து வீட்டு மராத்திக்கார அக்கா சத்தம் கேட்டு வந்தாள். "க்யா பீஸ் ரஹீ ஹை?" என்ன அரைக்கிறாய் என்று இந்தியில் கேட்டாள்.

"காஞ்ச்," என்றேன். கண்ணாடி.

அவள் என் முகத்தையும் தண்ணீர்க் குவளையையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணாடித் தூளைக் கரைத்துக் குடிக்கப் போகிறேன் என்று பயந்துவிட்டாள் பாவம். வாசலிலேயே உட்கார்ந்து, அவர் வரும்வரை நகரவில்லை. அன்றைக்கு, ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தேன்.

தூளை மாற்றி மாற்றி நைசாக்கி, கடைசியில் கெட்டித் தார் போன்ற கீலின் மேல் சிவப்புப் பொடி போட்டு மெருகேற்றினோம். பிறகு சோதனை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சன்னல்களைப் போர்வையால் மூடினார். ஓட்டை போட்ட தகரத்துக்குப் பின்னால் விளக்கு. அறையின் மறுகோடியில் கண்ணாடி. அதிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் ஒரு புள்ளியில் கூடும் இடத்தில் ஒரு பிளேடு. பிளேடுக்குப் பின்னால் கண்ணை வைத்துப் பார்த்தால், கண்ணாடியின் பரப்பில் விரல் தடவி அறிய முடியாத மேடுபள்ளங்கூட நிழலாகத் தெரியும்.

"நீ போய்க் கட்டை விரலை அதுல கொஞ்ச நேரம் வச்சிட்டு வா," என்றார்.

வைத்துவிட்டு வந்து பார்த்தேன். மென்மையான பரப்பின் நடுவே ஒரு குன்று எழுந்து நின்றது.

"ஐயோ, கெடுத்துட்டனே!"

"இல்ல. உன் கைச்சூடு. அந்த இடம் மட்டும் லேசா உப்பியிருக்கு. ஆறிரும்."

பார்த்துக்கொண்டே இருந்தேன். குன்று தணிந்து தணிந்து மறைந்தது. அவர் முகம் தெரியாத அந்த இருட்டில்தான் என்னால் கேட்க முடிந்தது.

"உங்களுக்கு அழுகையே வரலியா?"

இருட்டில் அவர் பிளேடை எடுத்து ஓரமாக வைக்கும் சத்தம் கேட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் பின்னால சைக்கிள் ஸ்டாண்டுல நின்னு அழுதேன். நீ பாத்தா இன்னும் ஒடஞ்சிருவியோன்னு முகத்தக் கழுவிட்டு வந்தேன்." பிறகு சொன்னார்: "ஒரு பேரு நெனச்சு வச்சிருந்தேன்."

"நானும்."

ஒருவர் காதில் ஒருவர் சொன்னோம். வேறு வேறு பெயர்கள். சன்னல் போர்வையை எடுக்க வெகுநேரம் எங்களுக்குத் தோன்றவில்லை.

வெளிச்சம் நன்றாகத் திரும்பும்படி, கண்ணாடியைப் பம்பாய்க்கு அனுப்பி அலுமினியப் பூச்சு போட்டு வாங்கினோம். பலகைகளை அடித்துச் செய்த நீளக் குழாயின் அடியில் அந்தக் கண்ணாடியை வைத்தார். வாய்ப்பக்கம், குவிந்து வரும் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் திருப்ப, சாய்வாக ஒரு சின்னத் தட்டைக் கண்ணாடி. அங்கே உருவாகும் குட்டிப் பிம்பத்தைப் பெரிதாக்கிக் காட்ட, ஜூனா பஜார் என்ற பழைய சாமான் சந்தையில் கிடைத்த பழைய பைனாகுலரின் கண்வில்லை.

மழைக்காலம் முடிந்து வானம் வெளுத்திருந்த ஒரு மாலை, மொட்டை மாடியில் அரைநிலாவை நோக்கித் திருப்பினார்.

"நீ மொதல்ல பாரு."

"நீங்க பாருங்க."

"பாருன்னா பாரு."

பார்த்தேன். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் ஓரத்தில் வட்டவட்டமாகக் குழிகள், ஒவ்வொன்றிலும் கருநிழல். நிலா தலைகீழாக இருந்தது. என் மூச்சு பட்டு வில்லை மங்கியது. அவர் கைக்குட்டையால் துடைத்துத் தந்தார். மறுபடியும் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா வந்தாள், அவள் பிள்ளைகள் வந்தார்கள், கீழ் வீட்டுக்காரர்களும் ஏறி வந்தார்கள். நிலா ஏன் உல்டாவாகத் தெரிகிறது என்று யாரோ கேட்க, என் கணவர் அரைகுறை மராத்தியில், இரண்டு கைகளையும் குறுக்கே போட்டு, மேலிருந்து வரும் கதிர் கீழே போவதையும் கீழிருந்து வருவது மேலே ஏறுவதையும் காட்டினார். வார்த்தை கிடைக்காதபோது இந்திக்குப் போனார், அதுவும் கிடைக்காமல் என்னைப் பார்த்தார். நான் எடுத்துக்கொடுத்தேன். அத்தனை பேர் நடுவில் அவர் அவ்வளவு பேசி நான் அதுவரை கேட்டதில்லை.