சாமிக்கு வைத்த கிண்ணம்

ஆவடி குவார்ட்டர்ஸில் வசந்தகுமாரியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. அன்று காலை அவளுடைய நாய் மேஜர் வாந்தியெடுத்துச் சுருண்டதும், நேரே எதிர்வீட்டுத் தீபிகாவின் கதவைப் போய் இடித்தாள்.

"கண்டதைத் தூக்கிப் போடாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்? என்னடி போட்டே எம் புள்ளைக்கு?"

தீபிகா ஓடிவந்து மேஜரைத் தூக்கிக் காரில் போட்டாள். கால்நடை மருத்துவரிடம் போய்ச் சேரும்வரை வசந்தகுமாரியின் திட்டு ஓயவில்லை.

ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த மருத்துவர் நிமிர்ந்தார். "கிட்னி அடி வாங்கியிருக்கு. திராட்சை ஏதாவது சாப்பிட்டுச்சா?"

"ஐயோ, சாக்லேட், வெங்காயம்கூடக் கிட்ட விடமாட்டேன் சார்!"

"காய்ஞ்ச திராட்சை?"

வசந்தகுமாரிக்குப் பூஜையறைக் கிண்ணம் நினைவுக்கு வந்தது. தினமும் சாமிக்கு ஒரு கிண்ணம் காய்ந்த திராட்சை படைப்பாள். அதைச் சாப்பிடுவது கணவர்தான். போன வாரம் அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. படைத்ததைக் குப்பையில் கொட்ட மனம் வராமல், நான்கு நாளாக மேஜருக்கு ஊட்டினாள்.

"பிரசாதம் சார்... அது எப்படி..."

"நாய்க்கு அது விஷம்மா."

திரும்பினாள். சுடிதாரெல்லாம் வாந்தியோடு தீபிகா மேஜரை மடியில் கிடத்தியிருந்தாள். அவளைப் பார்க்க வசந்தகுமாரிக்கு முகமில்லை. கையை நாயிடம் நீட்டினாள்.

தலையைத் தூக்க முடியாத மேஜர், தனக்கு ஊட்டிய அந்த விரல்களை மெல்ல நக்கியது.