நோரீன் வாங்கிய காப்பீடு

மெல்போர்னுக்கு வடக்கே, கோதுமை வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஊயன் ஊரில் ஒரு ஆம்பிளையைப் பார்த்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "மோசமில்லை" என்றுதான் பதில் வரும். கோதுமை அமோகமாக விளைந்தாலும் மோசமில்லை, வெட்டுக்கிளி வந்து வயலை மொட்டையடித்துவிட்டுப் போனாலும் மோசமில்லை. லெஸ் ப்ரூவர் இதில் ஊருக்கே வாத்தியார். ஒரு அறுவடையில் இயந்திரம் அவன் சுண்டுவிரல் நுனியைக் கடித்துத் துப்பியபோது, எண்ணெய்த் துணியைச் சுற்றிக்கொண்டு மிச்ச வயலையும் அறுத்து முடித்தான். ராத்திரி சாப்பாட்டு மேசையில் உப்பை எடுக்கக் கை நீட்டியபோதுதான் அவன் மனைவி நோரீன் அதைப் பார்த்தாள். பதக்கம் வாங்கியவனைப் பற்றிப் பேசுவதுபோல ஊர் அந்தக் கதையை இன்னும் பேசுகிறது. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை.

நோரீனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. அலாஸ்கா போய்ப் பனிப்பாறை பார்க்க வேண்டும். சிவப்புப் புழுதியும் தட்டையான நிலமும் தவிர வேறெதையும் பார்க்காத கண்ணால், மலையளவு பனிக்கட்டி உடைந்து கடலில் விழுவதைக் கப்பலில் நின்று பார்க்க வேண்டும். கல்யாணமான புதிதில் கேட்டாள். அந்த வருடம் வறட்சி. அடுத்து எலித்தொல்லை, அதற்கடுத்து அறுவடை நேரத்து மழை. "அடுத்த வருஷம் பார்க்கலாம் கண்ணு" என்று சொல்லிச் சொல்லியே நாற்பது வருடத்தை ஓட்டிவிட்டான் லெஸ். கடைசியில் நிலத்தைப் பக்கத்துப் பண்ணைக்கு விற்றுவிட்டு ஊருக்குள் வீடு வாங்கிக் குடிவந்தார்கள். நோரீன் அலாஸ்காவை மறக்கவில்லை.

நிலத்தை விற்றவனுக்குக் கை சும்மா இருக்குமா? போன அறுவடைக்கு நண்பன் ரெக்கின் வயலில் இயந்திரம் ஓட்டப் போனான். நோரீன் ஆட்டிறைச்சியில் கடுகு விழுது தடவி சாண்ட்விச் கட்டிக் கொடுத்தாள். வயலின் கடைக்கோடியில் திரும்பும்போது நெஞ்சுக்குள் யாரோ முழங்காலை ஊன்றி அழுத்துவதுபோல இருந்தது. இடது கை மரத்துவிட்டது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி, சக்கரத்து நிழலில் மல்லாந்து படுத்துக்கொண்டான். வானத்தைப் பார்த்தான். இன்றைக்கு நோரீன் புல்தரையில் பந்து உருட்டும் பௌல்ஸ் ஆட்டத்துக்குப் போயிருப்பாள், செய்தி போனால் பாதி ஆட்டத்தில் எழுந்து வருவாளே என்று தோன்றியது. அப்புறம் ரெக்கின் வண்டி வந்தது.

"டேய், என்னடா ஆச்சு? மூஞ்சி சாம்பலா இருக்கு!"

"ஒண்ணுமில்ல. வெயில்."

"வெயிலா? உனக்கா? ஏறு வண்டில, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"மோசமில்லடா. நோரீன்கிட்ட மட்டும் வாயத் திறந்தே, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

சாண்ட்விச் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது. ஈ மொய்த்துவிட்டது என்றான் லெஸ்.

அதன் பிறகும் வலி வந்தது. விறகுக் கொட்டகையில் ஒரு முறை, குளியலறையில் ஒரு முறை. தண்ணீர் பம்புக்கு உதிரி வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு பக்கத்து நகரமான மில்டூராவுக்குப் போய் டாக்டரைப் பார்த்தான். இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு இருக்கும் போலிருக்கிறது, உடனே மெல்போர்ன் போய்ப் பெரிய டாக்டரைப் பார், அதுவரை விமானம் ஏறாதே என்றார் அவர். நாக்குக்கு அடியில் அடித்துக்கொள்ள ஒரு ஸ்ப்ரே கொடுத்தார். லெஸ் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மீன்பிடிப் பெட்டியில், தூண்டில் முட்களுக்கு அடியில் போட்டான். பம்புக்கு உதிரி வாங்க மறக்கவில்லை.

அந்த வாரமே நோரீன் அலாஸ்கா போகும் கப்பலில் இரண்டு பேருக்கும் சீட்டுக்கு முழுப் பணமும் கட்டிவிட்டாள்.

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தானே. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் அலாஸ்கா மூழ்கிவிடும். அதைவிட, அந்த வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பது என்றே லெஸுக்குத் தெரியவில்லை. அவன் அப்பன் சொன்னதில்லை, தாத்தன் சொன்னதில்லை. படுக்கையில் பக்கத்தில் நோரீன் சுவரைப் பார்த்துத் தூங்குவாள். அவள் முதுகைப் பார்த்து வாயைத் திறப்பான், மூடிக்கொள்வான்.

பயண ஏற்பாட்டுக் கடையில் இருந்த பெண் கேட்டாள், "காப்பீடு போட்டுக்கிறீங்களா? ரெண்டு பேருக்கும் உடம்பு பத்திச் சில கேள்வி இருக்கு."

லெஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதெல்லாம் வேணாம். காசுக்குப் புடிச்ச கேடு. அந்தக் காசுல வண்டிக்கு ரெண்டு டயர் மாத்திடலாம்."

வீடு வந்து சேர்ந்ததும் நோரீன் பொரிந்து தள்ளினாள்.

"அமெரிக்காக்காரன் ஊர்ல கால் சுளுக்கினாலே வீட்டை வித்துத்தான் பில் கட்டணுமாம். உனக்கு டயர் பெருசாப் போச்சா? கஞ்சப் பிசினாறி!"

"யாருக்குக் கால் சுளுக்கப் போவுது? சும்மா பயமுறுத்திக் காசு புடுங்கறானுங்க."

கஞ்சன் என்ற பட்டம் அவனுக்கு வசதியாக இருந்தது. அதற்குள் ஒளிந்துகொண்டான். அவள் திட்டத் திட்ட நிம்மதியாகக்கூட இருந்தது, அதுதான் கேவலம்.

ஆனால் நோரீனை அவன் சரியாகக் கணக்குப் போடவில்லை. பௌல்ஸ் கிளப்பில் வனிலா ஸ்லைஸ் என்ற பாலேட்டு இனிப்பைச் செய்து விற்றுச் சேர்த்த காசு அவளிடம் தனியாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுட்ட ஆட்டுக்காலும் உருளைக்கிழங்கும் தட்டில் வைத்துவிட்டு, அவன் முட்கரண்டியை எடுக்கும் முன் ஒரு காகிதத்தைத் தட்டுப் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன இது?"

"காப்பீடு. ரெண்டு பேருக்கும். என் காசு, நீ வாயத் திறக்கக் கூடாது."

"எப்ப...?"

"செவ்வாய்க்கிழமை. போன்லயே. என் தைராய்டு மாத்திரையச் சொன்னேன், அதுக்குக் கொஞ்சம் கூடக் கேட்டாங்க. உங்க வீட்டுக்காரருக்கு என்ன இருக்குன்னாங்க. அவனுக்கென்ன, எருமை மாதிரி இருக்கான், நாப்பது வருஷத்துல ஒரு நாள் படுத்ததில்லன்னேன். அந்தப் பொண்ணு சிரிச்சிட்டா."

நோரீனும் சிரித்தாள். கஞ்சப் புருஷனை ஜெயித்த சிரிப்பு. இத்தனை வருடத்தில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து லெஸ் பார்த்ததில்லை. அந்தக் காகிதம் வெறும் காகிதம் என்று அவனுக்குத் தெரியும். அந்நிய மண்ணில் அவன் விழுந்தால், முதல் வேலையாக மில்டூரா டாக்டருக்குத்தான் போன் போடுவார்கள். பொய் சொல்லி வாங்கியது என்று கையை விரித்துவிடுவார்கள். பொய் சொன்னவள் நோரீன் என்று ஆகும். வீடு போகும். முன்பின் தெரியாத ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் தனியாக உட்கார்ந்திருப்பாள்.

"நல்ல காரியம் பண்ணே" என்றான் லெஸ். அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். கோழைக்குத்தான் அந்த நேரத்தில் முத்தம் கொடுக்க வரும்.

அடுத்த நாள் மதுக்கடையில் ரெக்கிடம் சொன்னான்.

"சொல்லித் தொலைடா அவகிட்ட" என்றான் ரெக்.

"சொன்னா போவ மாட்டா. என்ன விட்டுட்டு எங்கயும் போவ மாட்டா."

"அப்ப வாய மூடிட்டுப் போயிட்டு வா. ஒண்ணும் ஆவாது."

"ஆயிடுச்சுன்னா?"

ரெக் குவளையில் மிச்சமிருந்த பீரைக் குடித்து முடித்தான். "அப்ப இங்கயே செத்துப் போயிடு. சௌகரியம்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நோரீன் பௌல்ஸுக்குக் கிளம்பிப் போனதும், சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த போனை எடுத்து, காகிதத்தில் இருந்த எண்ணை அழுத்தினான். சும்மா விசாரிக்கலாம் என்றுதான். மாரிசெல் என்று ஒரு பெண் பேசினாள், அவன் பேரையும் காப்பீட்டு எண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். எங்கோ தூர நாட்டிலிருந்து பேசுகிற குரல், பொறுமையான குரல்.

"என் சிநேகிதன் ஒருத்தன்..." என்று ஆரம்பித்தான். "நெஞ்சுல கொஞ்சம்... சொல்லாம விட்டுட்டான்."

"சிநேகிதரா மிஸ்டர் ப்ரூவர், இல்ல நீங்களா?"

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாஷர் மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

"நான்தான்."

"பரவாயில்ல. மெதுவாச் சொல்லுங்க, நான் எழுதிக்கறேன். முதல்ல எப்ப வந்துச்சு? அப்ப என்ன செஞ்சிட்டிருந்தீங்க? வலி எப்படி இருந்துச்சு?"

கேள்வி கேட்க அவளுக்குச் சம்பளம். ஆனால் லெஸ் ப்ரூவரை ஆயுளில் யாரும் இப்படி வரிசையாகக் கேட்டதில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்ததும் இல்லை. அவன் சொன்னான். முழங்கால் ஊன்றிய வலியைச் சொன்னான், சக்கரத்து நிழலைச் சொன்னான். கொட்டகையில் விறகைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததைச் சொன்னான். குளியலறையில் கத்தினால் அவளுக்குக் கேட்டுவிடும் என்று துண்டை வாயில் வைத்துக் கடித்ததைச் சொன்னான். "பயமா இருக்கும்மா" என்றான். "ராத்திரி தூங்கப் பயமா இருக்கு. எந்திரிக்க மாட்டேனோன்னு பயமா இருக்கு." மூக்கு ஒழுகியது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான்.

மாரிசெல் எல்லாவற்றையும் எழுதி முடித்தாள். பிறகு சொன்னாள், "ரொம்ப வருத்தமா இருக்கு மிஸ்டர் ப்ரூவர். உங்க பேர்ல உள்ள பாதியை நாங்க ரத்து பண்ணித்தான் ஆகணும். ஆனா இந்தக் காப்பீட்டை எடுத்தது உங்க மனைவி. அவங்ககிட்டதான் நான் சொல்லணும். அவங்க இருக்காங்களா?"

"இல்ல, அவ வெளிய..." என்று லெஸ் திரும்பினான்.

கொசுவலைக் கதவுக்கு அந்தப் பக்கம் நோரீன் நின்றுகொண்டிருந்தாள். கிளப்புக்கு எடுத்துப்போக வேண்டிய வனிலா ஸ்லைஸை மறந்துவிட்டுப் போயிருந்தாள். தொப்பி தலையிலேயே இருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

உள்ளே வந்தாள். போனை வாங்கிக்கொண்டாள்.

"நோரீன் ப்ரூவர் பேசறேன்."

அவள் குரல் சாதாரணமாக இருந்தது. அவ்வளவு பக்கத்தில் நின்றதால் லெஸுக்கு அந்தப் பெண் பேசுவதும் கேட்டது.

"மிஸஸ் ப்ரூவர், ஒரு கேள்வி கட்டாயம் கேட்கணும். காப்பீடு எடுக்கும்போது உங்க கணவருக்கு இப்படி இருக்கறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சரிங்க. உங்க பேர்ல உள்ளது அப்படியே செல்லும். நீங்க மட்டும் போறதா இருந்தா..."

"நான் மட்டும்" என்றாள் நோரீன். "நாப்பது வருஷமா நான் மட்டும்தான் இருந்திருக்கேன் போல. எனக்குத்தான் தெரியல." தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "எல்லாத்தையும் ரத்து பண்ணிடும்மா. நாங்க எங்கயும் போகல."

"நோரீன், நீ போ, நீயாவது போயிட்டு வா..." என்று லெஸ் ஆரம்பித்தான். அவள் கையை உயர்த்தினாள். அவன் நிறுத்திக்கொண்டான்.

"இந்தாம்மா, அவன் சொன்னதை எழுதி வச்சிருக்கேல்ல? எனக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டு. முதல்லேருந்து."

"அவர் சம்மதிச்சாத்தான் படிக்க முடியும் மேடம்."

நோரீன் போனை அவன் வாய்ப்பக்கம் நீட்டினாள். அவனைப் பார்க்கவில்லை.

"சரி" என்றான் லெஸ்.

மாரிசெல் படித்தாள். தேதி, இடம், வலி, கை மரத்தது, நண்பர் ரெக் வந்து தூக்கியது. நோரீன் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடிக் கேட்டாள். ரெக் பெயர் வந்தபோது மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு அந்தப் பெண்ணை நிறுத்தச் சொன்னாள்.

"அந்த முதல் தேதியை இன்னொரு தடவை சொல்லும்மா."

சொன்னாள்.

நோரீன் கண்ணைத் திறந்து லெஸைப் பார்த்தாள். அவள் வாய் கோணியது.

"அன்னிக்குச் சாண்ட்விச் திரும்பி வந்துச்சு" என்றாள். "கடுகு அதிகமாப் போட்டுட்டேனோன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் உனக்குக் கடுகே போடறதில்ல."