சீசனுக்கு விட்ட வீடு

கொடைக்கானலில் மழை, குளிர், பனி என்று எது வந்தாலும் பருவம் ஆகாது. கார் வந்தால்தான் சீசன். ஏப்ரல் பாதியிலேயே ஊர் வெள்ளையடித்துக்கொண்டு நிற்கும். அட்டுவம்பட்டிப் பக்கம் மாட்டுக்கொட்டகைக்குக்கூட 'ஹோம் ஸ்டே' என்று பலகை மாட்டிவிடுவார்கள். மாட்டை யார் கேட்கிறார்கள்?

நான் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவன். சீசன் என்ற சொல்லின் பூர்வீகம் எனக்கு அத்துப்படி. லத்தீனில் விதைப்பைக் குறித்த சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் விதைக்கிற காலம், பிறகு எதற்கும் ஏற்ற காலம். பழத்தின் பக்குவத்தில் தொடங்கி, குழம்பில் உப்பும் மிளகும் சேர்ப்பது வரை அதற்குக் கிளை உண்டு. எங்கள் மலைப்பாதையில் ஏறும்போது மட்டும் விதையை அடிவாரத்திலேயே இறக்கிவிட்டு வந்துவிட்டது. இதை வருடா வருடம் வகுப்பில் சொல்லி நானே ரசித்துக்கொள்வேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு என்னைவிட நல்ல சாட்சி கிடையாது.

பள்ளங்கியில் என் அக்கா பூண்டு விவசாயம் செய்கிறாள். விதைப்பூண்டைக் கட்டுக் கட்டாக அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருப்பாள். புகை பட்டால்தான் கெடாது. அப்பா காலத்திலிருந்து ஒரு வருடம்கூட விட்டுப்போகாத விதை அது. போன வருடம் மே மாதம், மகளின் பிரசவத்துக்காக அவள் வத்தலக்குண்டுக்குப் போனாள். பூட்டிக் கிடக்கும் வீட்டைச் சீசனுக்கு விடலாம் என்று நான்தான் அவளை நச்சரித்தேன்.

"விடு. ஆனா பூண்டத் தொட்டுராதலே. தெனமும் அடுப்ப மூட்டிப் புகை காட்டு. நான் வந்ததும் நடணும்" என்றாள்.

சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. "சார், வீடு சூப்பர். ஆனா இந்தப் புகையும் பூண்டு ஸ்மெல்லும் தாங்கலையே" என்றார் குடும்பத் தலைவர். பூண்டு விளையும் ஊருக்கு வந்து பூண்டு நாறுகிறது என்கிறவரிடம், "ஸாரி சார்" என்று ஆங்கிலத்தில் குழைந்தேன். கட்டுகளை இறக்கிப் பின்னால் தகரக் கொட்டகையில் போட்டுத் தார்ப்பாயால் மூடினேன். அவர்கள் போனதும் அடுத்த குடும்பம், அதற்கடுத்து இன்னொன்று. கோடை மழையும் விடவில்லை. பூண்டை மேலே ஏற்றவே இல்லை.

அக்கா வந்து தார்ப்பாயைத் தூக்கினாள். பூசணம் பூத்துக் கிடந்தது. ஒரு பூண்டை அழுத்திப் பார்த்தாள், கூழாக வழிந்தது.

"வேற விதை வாங்கித் தாரேன்க்கா" என்றேன்.

"வாங்கலாம். நம்ம விதைய எங்க வாங்குவ?"

அதற்குமேல் அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டபாடில்லை.

நான் வாங்கிப் போட்ட மூட்டையை அவள் பிரிக்கவே இல்லை. அந்த ஜூனில் எங்கள் காடு தரிசாகக் கிடந்தது. அக்கா வெள்ளனே எழுந்து, பக்கத்துக் காட்டுக்குக் கூலிக்குப் பூண்டு நடப் போனாள்.