சின்னச்சாமியும் ரயில் பாஸும்

திருச்சுழிச் சின்னச்சாமி ரயில்வேயில் முப்பத்துநாலு வருஷம் கேங்மேன். நரிக்குடி வரைக்கும் தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே நடந்த கால் அது. வண்டி வந்தால் ஒதுங்கி நிற்பார். உள்ளே ஏறி உட்கார்ந்து போனதை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஓய்வுக்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு பாஸ் உண்டு. இந்தியாவில் எந்த மூலைக்கும் போய் வரலாம், டிக்கெட் எடுக்க வேண்டாம். கொடுப்பினைதான்! ஆனால் மனைவி மாரீஸ்வரி போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. ஓசூரில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். "சாப்டீங்களாப்பா?" என்பான், "சாப்டேன்" என்பார், தீர்ந்தது பேச்சு. மற்ற ஆறு நாளும் மனுஷனுக்கு வாய் திறக்க ஆள் இல்லை. அந்தத் தனிமை அவரைத் தின்றது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே தின்றது.

போன வருஷம் காசிக்குப் போய் வந்தார். டீக்கடையில் கங்கையைப் பற்றிக் கேட்டார்கள். இவரோ ரயிலில் எதிர் சீட்டில் வந்த குடும்பத்தைப் பற்றியே பேசினார். பாஷை இவருக்கும் புரியாது, அவர்களுக்கும் புரியாது. ஆனாலும் ரொட்டியை மடித்துக் கையில் திணித்து, "சாப்பிடு, சாப்பிடு" என்று சைகை காட்டினார்களாம். கைக்குழந்தையை இவர் மடியில் போட்டுவிட்டுத் தூங்கினார்களாம்.

"ஏலே, காசிக்குப் போயி கங்கையப் பாக்காம வந்த ஒரே ஆளு நீதாம்லே," என்று கூட வேலை பார்த்த வீரபாண்டி சிரித்தார்.

பார்க்காமல் என்ன, பார்த்தார். ஆனால் லாட்ஜில் மூன்று நாள் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்ததுதான் மனசில் நின்றது. அதைப் போய் டீக்கடையில் சொல்ல முடியுமா?

இந்த வருஷத்துப் பாஸுக்கு எழுதிப் போட, ஆசிபா நடத்தும் ஆன்லைன் சென்டரில் போய் உட்கார்ந்தார்.

"எந்த ஊரு மாமா போடட்டும்? டில்லியா, ஜெய்ப்பூரா? காஷ்மீர் பக்கம் போனா பனியப் பாக்கலாம்," என்று ஒவ்வொரு ஊராகப் படம் காட்டினாள். கோட்டை வந்தது, கடல் வந்தது, மலை வந்தது. இவர் ஒன்றையும் சரியாகப் பார்க்கவில்லை.

"இருக்கறதுலயே ரொம்ப நாளு ஓடுற வண்டி எது தாயி?"

அவள் தேடிப் பார்த்தாள். "கன்னியாகுமரியில இருந்து அஸ்ஸாமுக்கு ஒண்ணு போகுது. நாலு நாளு! இடுப்பு ஒடிஞ்சு போகும் மாமா."

"அதயே போடு."

"அங்க என்ன இருக்கு பாக்க?"

"யாருக்குத் தெரியும்? எறங்கி, அடுத்த வண்டியிலயே திரும்பிர வேண்டியதுதான்."

ஆசிபா மறுபடி திரையைப் பார்த்தாள்.

"உங்க வயசுக்குத் தொணைக்கு ஒரு ஆளக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கு. கூட வாரவுக பேரு என்ன மாமா?"

சின்னச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அது வண்டியில ஏறுன பெறகுதான் தாயி தெரியும்," என்றார்.