பெத்தம்மாள் எடுத்து வைத்த பேக்கப்

இராஜபாளையத்து பேண்டேஜ் கம்பெனி ஒன்றில் பெத்தம்மாளுக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிறாள். முதல் எட்டு வருஷம் பேக்கிங் மேஜையில் நின்றாள். கையுறை போட்டுப் போட்டு விரல் இடுக்கெல்லாம் புண்ணாகவே, மேனேஜர் ஆராவமுதன் அவளை ரெக்கார்டு ரூமுக்கு மாற்றினார். பத்தாவது வரைதான் படிப்பு. சாயங்காலங்களில் மூன்று மாதம் டைப்பிங் கிளாஸ் போய்க் கம்ப்யூட்டரைப் பழகிக்கொண்டாள்.

ஆபரேஷனுக்குப் போகும் துணியை ஆவியில் வைத்துக் கிருமி நீக்கும்போது, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று மெஷின் ஒரு சின்னச் சீட்டு அடித்துத் தரும். அந்தச் சீட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் பண்ணி வைப்பது அவள் வேலை. தாள் அப்படிப்பட்டது, இரண்டு வருஷத்தில் எழுத்து வெளிறிவிடும். பழைய ஸ்கேன்களை பேக்கப் சாஃப்ட்வேர் மூலமாக, அது மட்டுமே திறக்கக்கூடிய கட்டாக, ஹார்டு டிஸ்கில் ஏற்றிவிட்டுக் கம்ப்யூட்டரில் இடம் பண்ணிக்கொள்வாள். எந்த வெள்ளிக்கிழமையும் தவறியதில்லை.

போன ஐப்பசியில் ஒரு சனி, ஞாயிறில் கம்பெனிக் கம்ப்யூட்டர்களையெல்லாம் புது விண்டோஸுக்கு மாற்றினார்கள். அந்த வேலைக்கென்று மதுரையிலிருந்து வந்திருந்த ஜெபின், எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனான். பேக்கப்பை மட்டும் யாரும் திறந்து பார்க்கவில்லை, பெத்தம்மாள் உள்பட.

அடுத்த புதன்கிழமை காலையில் தென்காசிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து போன் வந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தின லாட்டில், அதாவது ஒரே தடவையில் கிருமி நீக்கிய தொகுதியில், வந்த பெட்டிகளின் மேல் ஒட்டியிருந்த கிருமி நீங்கியதைக் காட்டும் நிற அடையாளம் சரியாகத் தெரியவில்லை. மறுநாள் ஆபரேஷன்கள் இருக்கின்றன. நாலு மணிக்குள் அந்த லாட்டின் சீட்டைக் காட்டினால் துணியை எடுப்போம், இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார்கள்.

பெத்தம்மாள் கோப்பைப் புரட்டினாள். சீட்டு வெள்ளைவெளேரென்று இருந்தது. ஹார்டு டிஸ்கைச் செருகி பேக்கப் சாஃப்ட்வேரைத் திறந்தாள். இந்த விண்டோஸில் நான் ஓடமாட்டேன் என்று அது ஒரே வரியில் சொல்லிவிட்டது. இரண்டாம் தடவையும் அதையேதான் சொன்னது.

அந்தச் சீட்டைச் சரிபார்த்தவள் அவள்தான். அன்றைக்குக் கண் தப்பியிருந்தால்? அதே துணி இன்னும் எத்தனை பேர் உடம்பில் பட்டிருக்கும்?

ஜெபினுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, புது விண்டோஸுக்குத் தோதான வெர்ஷனை அந்த சாஃப்ட்வேர்காரங்க இன்னும் விடல. அடுத்த மாசம் வரும்னு போட்டிருக்கு."

"அப்ப டிஸ்க்குல இருக்கது அம்புட்டும் போச்சா?"

"போகலக்கா, பத்திரமா இருக்கு. திறக்கத்தான் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர் வேணும். நான் இங்க ஒண்ணத் தேடிப் பிடிச்சுத் தூக்கிட்டு வந்தா ஆறு மணி ஆயிரும். மாத்தாம விட்டது ஒண்ணு ரெண்டு அங்க இருந்துச்சு, எதுன்னு ஞாபகமில்ல, பாருங்க."

அவள் கம்பெனி முழுக்கச் சுற்றினாள். கடைசியில் வாசல் அறையில், வாட்ச்மேன் குருசாமி லாரிகளுக்குச் சீட்டு அடிக்கும் கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, இதை மாத்தலயா?"

"எங்க மாத்த? இம்புட்டுப் பழசுல புதுசு ஏறாதுன்னு அந்தத் தம்பி கைய விரிச்சிட்டான்."

"செத்த நேரம் எந்திரிங்க அண்ணாச்சி. லாரிச் சீட்டக் கையால எழுதுங்க."

சாஃப்ட்வேரின் சிடி ரெக்கார்டு ரூம் பீரோவில் கிடந்தது. புதுக் கம்ப்யூட்டர்களில் சிடி போட வழியே கிடையாது; இந்தக் கிழட்டுப் பெட்டியில் இருந்தது. ஜெபின் போனில் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அமுக்கினாள். பச்சைக் கோடு ஊர்ந்தது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது, அவள் எழுந்திருக்கவில்லை. ஆராவமுதன் வந்து பின்னால் நின்றார்.

மூன்று மணிக்குச் சற்று முன்னால் சீட்டு திரையில் வந்தது. நூற்று இருபத்தொரு டிகிரி. முப்பது நிமிஷம். கீழே அவள் கையெழுத்து. மூன்று தடவை படித்தாள். எங்கும் பிசகில்லை.

"அனுப்பிருவோமா?" என்றார் ஆராவமுதன்.

"அனுப்பிருங்க சார்" என்றாள்.

அரைமணி நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. பெட்டிகள் ஜன்னலோரம் வெயிலில் இருந்ததால்தான் மேல் ஒட்டு நிறம் மங்கியிருக்கிறது. பெட்டிக்குள் இருந்த அடையாளத் துண்டும் அவள் அனுப்பிய சீட்டும் ஒத்துப்போகின்றன, துணியை எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். பெத்தம்மாள் நாற்காலியில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டாள். அப்போதுதான் பசி தெரிந்தது. ஆறிப்போன புளிச்சோற்றைக் கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டாள்.

மறுநாளிலிருந்து ஒரு வாரம் வாசல் அறையிலேயே உட்கார்ந்து, பதினொரு வருஷத்துச் சீட்டுகளையும் வெளியே எடுத்து, எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கிற சாதாரண ஃபைல்களாக இரண்டு டிஸ்குகளில் போட்டு வைத்தாள். அடுத்த மாதம் புது வெர்ஷனோடு ஜெபின் நேரில் வந்தான். ஏற்றி முடித்து, வேலை முடிந்தது என்று கையெழுத்துக்குத் தாளை நீட்டினான்.

"முதல்ல பேக்கப்ல இருந்து ஒரு பழைய சீட்டத் திறந்து காட்டுங்க தம்பி. பொறவு போடுதேன்."

அவன் சிரித்துக்கொண்டே மூன்று திறந்து காட்டினான். அவள் பேனாவை எடுத்தாள்.