மூங்கில் காசு

கமலவேணி வாரத்தில் எத்தனை ரவிக்கை தைத்தாலும், அதில் ஒன்றின் கூலி புறாவுக்குப் போய்விடும். தனக்கென்று ஒரு கஜம் சீட்டித் துணி எடுக்க முடியாத வாரத்திலும் புறாவுக்கு உண்டு.

காஜா பேராங் என்ற பேட்டையில், கணவன் தம்பிராஜாவுடைய அண்ணன் நடராஜன் வீட்டின் பின்னறையில் அவள் குடியிருந்தாள். கல்யாணமாகி வந்த அன்று, "ரெண்டு மாசம் சமாளிச்சுக்க" என்று சொல்லி அவளை அந்த அறையில் விட்டார்கள். அந்த இரண்டு மாதம் வருஷங்களாக வளர்ந்துகொண்டே போனது. தையல் மெஷினை வைத்தது போக மிச்ச இடத்தில் பாயை விரித்தால் கதவு திறக்காது. அடுப்படிக்குள் போகலாமா என்பதை நடராஜனின் மனைவி ஜெயாவின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெண்ணாய்ப் பிறந்தவளுக்குத் தன் உலையில் தன் கையால் அரிசி போடுகிற சுகம்கூட இல்லையென்றால், அந்த வாழ்க்கையை என்னவென்று சொல்வது!

ஊருக்கு வெளியே செங் என்ற இடத்தில் ஒரு வாடகை வீடு இருந்தது. தகரக் கூரைதான், ஆனால் தனி அடுப்படி. அதற்கு முன்பணம் வேண்டும். தம்பிராஜா ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிறவன். அந்தச் சம்பளம் அண்ணன் கைக்குப் போய் அங்கேயே தங்கிவிடும். அவனுக்கென்று சொந்தமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: கூவலுக்காகவே வளர்க்கிற மெர்போக் என்ற சின்னப் புறா. ஒரு முறை கூவல் போட்டியில் வென்று, ஊரையே திரும்பிப் பார்க்க வைத்த புறா. வீட்டில் அதன் கூண்டின் மேல் எப்போதும் துணி போர்த்தியிருப்பான்; குரல் வீணாகக்கூடாது, இருட்டில் கூவாது என்பான்.

"வித்துடறேன் கமலா. வித்து வூடு எடுத்துடலாம்" என்று அவன் அவள் தலையில் கை வைத்துச் சொன்னான். சொன்னபடி விற்பனைக்கும் வைத்தான். எண்ணூறு வெள்ளிக்கு.

விற்பனை நடக்கும் இடம் மாணிக்கவாசகத்தின் தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால் இருந்த திடல். ஞாயிறு காலை புறாக்காரர்கள் கூண்டுகளைக் கொண்டுவந்து, உயர்ந்த மூங்கில்களின் உச்சிக்குக் கயிற்றால் ஏற்றுவார்கள். விற்கிற புறா என்றால் மூங்கிலின் அடியில் ஒரு பலகை தொங்கும். அதில் சுண்ணாம்புக் கட்டியால் விலை எழுதியிருக்கும். எழுதிய விலைக்குத் தகுந்தபடி மாணிக்கவாசகத்துக்கு வாரா வாரம் மூங்கில் காசு கட்ட வேண்டும். விலை ஏறினால் காசும் ஏறும். வாய்க்கு வந்ததை எழுதுகிறவர்களை அடக்கத்தான் அவர் இப்படி ஒரு ஏற்பாடு செய்தார். நடந்ததோ வேறு. பெரிய விலை எழுதிப் பெரிய காசு கட்டுகிறவனைத் திடலே நிமிர்ந்து பார்த்தது. ஐம்பது வெள்ளிப் புறாவுக்கு ஐந்நூறு எழுதிவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார்கள்.

ஏறிய விலையை யாரும் இறக்கவும் மாட்டார்கள். இறக்கினால் புறாவுக்கு ஏதோ சீக்கு என்று அர்த்தம்.

காசு கட்டாவிட்டால் மாணிக்கவாசகம் பலகையை அழித்துவிடுவார். அப்புறம் அது கேள்வி விலைப் புறா. யார் வேண்டுமானாலும் கூண்டை இறக்கச் சொல்லி, தனியே கொண்டுபோய்க் கூவ வைத்துப் பார்த்து, தன் விலையைக் கேட்கலாம். எழுதிய விலையோடு தொங்குகிற புறாவை மட்டும் முழுப்பணத்தைக் காட்டாமல் யாரும் தொடக்கூடாது.

தம்பிராஜாவின் மூங்கில் காசு கமலவேணியின் தையலிலிருந்துதான் போனது. இந்த ஞாயிறு விற்றுவிடும், அடுத்த ஞாயிறு விற்றுவிடும் என்று அவளும் தன் நம்பிக்கையைச் சேர்த்துத்தான் முடிந்து கொடுத்தாள். நாடு சுதந்திரம் வாங்கிக் கொடியும் ஏற்றிவிட்டது. புறா மட்டும் மூங்கிலை விட்டு இறங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை சொக்கப்பன் என்கிற செட்டியார் வீட்டு இளைஞர் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். புறா என்றால் அவருக்கு உயிர்.

"தம்பிராஜாண்ணே, நேராவே கேக்குறேன். முந்நூறு தர்றேன். நாளைக்கு எறக்கிக் கூவ வுட்டுக் காட்டுங்க, கையில பணம்."

அறைக்குள் கமலவேணியின் கால் மெஷின் மிதியில் அப்படியே நின்றது. முந்நூறு! முன்பணம் போக ஒரு அலமாரியே வாங்கலாமே!

"எண்ணூறுங்க. ஒரு வெள்ளி கொறையாது" என்றான் தம்பிராஜா.

"எண்ணூறுக்குப் பழைய மோட்டார் காடியே வாங்கிடலாம்லா! ஒரு புறாவுக்கு யாருண்ணே குடுப்பா?"

"குடுக்கிறவன் வருவான்."

சொக்கப்பன் சிரித்துக்கொண்டே போய்விட்டார். கமலவேணி சிரிக்கவில்லை. அவன் விற்பதற்கு விலை சொல்லவில்லை, விற்காமல் இருப்பதற்குத்தான் சொல்கிறான் என்று அந்தக் கணத்தில் அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. வாக்கும் தவறக்கூடாது, புறாவும் போகக்கூடாது. நடுவில் இவள் இந்த அறையில் கிடந்து சாகலாம்!

"மூங்கில் காசு குடு கமலா" என்று அவன் உள்ளே வந்து கேட்டபோது, அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இல்லை."

"நாளைக்குக் கட்டணுமே."

"கட்டாதீங்க. பலகையை அழிக்கட்டும். முந்நூறுக்குப் போகட்டும். இந்தப் பாய்க்கும் கதவுக்கும் நடுவுல நான் இன்னும் எத்தனை நாளைக்குங்க?"

"மாணிக்கவாசகத்துக்கிட்ட ஒரு வாரம் தவணை கேட்டுப் பாக்குறேன்" என்றான் அவன். மறுநாள் காலை பசியாறாமலே கூண்டைத் தூக்கிக்கொண்டு போனான்.

கமலவேணிக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பாசாருக்குப் போகிறேன் என்று ஜெயாவிடம் சொல்லிவிட்டு, தைத்த கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு திடலுக்கு நடந்தாள். வரும்போது செங் வீட்டுக்காரரைப் பார்த்து முன்பணத்துக்கு நாள் சொல்லிவிட்டு வரலாம் என்றுகூட நினைத்தாள். பாவம், பெண் மனசு!

திடலில் ஆண்கள் கூட்டம். தலைக்கு மேலே கூண்டுகள் எல்லாம் ஒரே குரலாய்க் கூவிக்கொண்டிருந்தன. மாணிக்கவாசகம் ஈரத் துணியால் எண்ணூறை அழித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, நாட்டுக்கே மெர்டேக்கா கெடைச்சிருச்சு, இன்னிக்கு ஒம்ம புறாவுக்கும் விடுதலை கெடைச்சிருச்சு போல!" என்று யாரோ கத்த, திடல் சிரித்தது.

"எறக்குங்கண்ணே, கேப்போம்" என்றார் சொக்கப்பன்.

தம்பிராஜா கயிற்றைப் பிடித்தான். பிடித்தவன் இழுக்கவில்லை. கமலவேணி தூரத்திலிருந்தே அதைப் பார்த்தாள். வெட்கத்தை விட்டு ஆண்களுக்கு நடுவே புகுந்து அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"எறக்குங்களேன். இன்னும் என்ன யோசனை?"

அவன் அவளைப் பார்த்தான். அந்த முகத்தில் பேராசை இல்லை, வீம்பு இல்லை. அடிபட்ட பிள்ளையின் முகம்.

"கமலா... அது கூவறதில்ல" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"என்னது?"

"போன தீவாளிக்கு முன்னாடியே நின்னுபோச்சு. மருந்து குடுத்துப் பாத்துட்டேன். மேல எல்லாம் சேந்து கூவறப்ப யாருக்கும் தெரியாது. கீழ எறக்குனா..."

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"ராத்திரியில நீ செங் வூட்டப் பத்திப் பேசறப்ப உன் மொகத்தைப் பாப்பேன். எப்படிச் சொல்றது?"

யாரும் கூண்டை இறக்கச் சொல்லக்கூடாது என்பதற்காக எழுதிய விலை. அவள் ரவிக்கைகளெல்லாம் ஓர் ஊமைப் புறாவின் மானத்தைக் காக்கத்தான் போயிருக்கின்றன. செங் வீட்டின் அடுப்பு அவள் கண்ணெதிரே அணைந்தது. இவனை இங்கேயே விட்டுவிட்டு நடந்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. ஆனால் கூண்டு கீழே வந்தால்? திடல் சிரிக்கும். மாலைக்குள் நடராஜன் காதுக்குப் போகும். 'புறா வித்ததும் போயிடுவாங்க' என்ற ஒரே பேச்சில்தான் ஜெயா அந்தப் பின்னறையை விட்டு வைத்திருந்தாள். விலை போகாத புறா என்று தெரிந்தால், தன் மகளின் கல்யாணத்துக்கு அறை வேண்டும் என்று இன்றைக்கே பாயைத் தூக்கி வெளியே போடுவாள்.

"என்னம்மா, ரெண்டு பேரும் மூங்கிலடியிலயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?" என்றார் மாணிக்கவாசகம்.

கமலவேணி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"காசு கொஞ்சம் தாமசமாயிருச்சு. மன்னிச்சுக்குங்க. பலகையில எழுதுங்க."

"பழைய விலைதானே?"

பழைய விலை என்றால் சொக்கப்பன் பிடிவாதமாக நிற்பார். வாராவாரம் பேரம் பேசுவார். ஒருநாள் எப்படியாவது எண்ணூறைச் சேர்த்தாலும் சேர்ப்பார். அவள் அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"ஆயிரம்."

திடலில் எழுந்த விசிலில் புறாக்களே மிரண்டன. "அக்கா நம்மளையெல்லாம் மிஞ்சிட்டாங்கய்யா!" என்றது ஒரு குரல். சொக்கப்பன் தலையை ஆட்டியபடி சைக்கிளை எடுத்தார். மாணிக்கவாசகம் நான்கு இலக்கங்களை நிதானமாக எழுதி, அதற்கு ஏற்றபடி காசை வாங்கிக்கொண்டார். தம்பிராஜா மனைவியை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி முந்திக்கொண்டு வந்திருந்தது. ஜெயா வாசலிலேயே நின்றாள். அவள் முகத்தில் அப்படியொரு குழைவைக் கமலவேணி கண்டதே இல்லை.

"புறாவுக்கு ஆயிரம் வெலையாமே கமலா! நெசமாவா? உக்காரு, தேத்தண்ணி போட்டுத் தர்றேன்."

"நெசந்தான்கா."

"அப்ப எங்க வூட்டுக் கல்யாணத்துக்கு முன்னாடி நீ செங்குக்குப் போயிடலாம். ரெண்டு ரூம் வூடாவே பாரு, ஆயிரத்துக்கு என்ன கொறச்சல்!"

"பாக்குறேன்கா."

"ரூமுக்குச் சாயம் அடிக்க ஆளுக்குச் சொல்லிடவா?"

கமலவேணி தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு பின்னறைக்குள் நுழைந்தாள். மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயின் மேல், அவளுக்கு முன்பே வந்துவிட்ட தம்பிராஜா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை அவனிடம் நீட்டினாள். பிறகு மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஆயிரத்துக்கான மூங்கில் காசுக்கு இந்த வாரம் இன்னும் யாரிடமாவது துணி கேட்டு வாங்கி வரச் சொன்னாள்.